முதல் நொடியில் வெளிவரும் மூச்சு: டர்பன் தமிழர்களும் நுரையீரல் அடைப்பு நோயும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மேர்பேங்க், இசிப்பிங்கோ பகுதிகளில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், குளிர்காலம் தொடங்கியதும் விடாமல் இருமிச் சளி துப்பி, மேட்டுத் தெரு ஏறும்போது மேல்மூச்சு வாங்கினால், பல நேரங்களில் அவர் கையில், மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் மருந்தை உள்ளிழுக்க, ஒரு நீலப் பம்ப் கொடுக்கப்படுகிறது. கிளினிக் அட்டையில் ஆஸ்துமா என்று எழுதப்படுகிறது. அவருக்கு இருப்பது ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். பல ஆண்டுகள் புகைத்ததாலோ, தொழிலிடத்துப் புழுதியாலோ, என்றைக்கோ வந்து குணமான காசநோயாலோ மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகக் குறுகிப்போன நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாகவும் இருக்கலாம். நுரையீரலில் குறையே இல்லாமல் இதயம் பலவீனப்பட்டதால் வரும் திணறலாகவும் இருக்கலாம். சர்க்கரை நோயும் இதய நோயும் இவ்வளவு பரவியிருக்கும் நம் குடும்பங்களில் அதை மறந்துவிடக் கூடாது. இந்த மூன்றையும் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு மட்டும் பிரித்தறிய முடியாது. எக்ஸ்ரே படமும் இந்த இடத்தில் அதிகம் உதவாது, ஏனென்றால் அடைப்பு நோய் நன்றாக முற்றிய பிறகுதான் அதன் அடையாளம் படத்தில் தெரியத் தொடங்கும். ஒரு குழாயில் வாயை வைத்து முழு பலத்தோடு ஊதச் செய்து, எவ்வளவு காற்று எவ்வளவு நேரத்தில் வெளிவருகிறது என்று அளக்கும் ஸ்பைரோமெட்ரி என்ற பரிசோதனைதான் அடைப்பு இருக்கிறதா இல்லையா என்பதை உறுதி செய்யும். அதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் மருந்து வாங்குவது ஊகத்தின்மேல் நடக்கும் வைத்தியம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சி.ஓ.பி.டி. என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் இந்த நாள்பட்ட அடைப்பு நோய் அரிதானது அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் மட்டும் 32 லட்சத்துக்கும் அதிகமானோர் இதனால் இறந்தனர். அந்த ஆண்டு உலகின் இறப்புக் காரணங்களில் இது மூன்றாம் இடத்தில் இருந்தது. தென்னாப்பிரிக்காவைப் பொறுத்தவரை நினைவில் நிற்கவேண்டிய எண்கள் வேறு. பல நாடுகளில் ஒரே முறையில் நாற்பது வயதைக் கடந்தவர்களை ஊதவைத்து அளந்த பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் 2007இல் வெளியாயின. அதில் இடம்பெற்ற பன்னிரண்டு ஊர்களில், நடுத்தர நிலையிலோ அதற்கு மேலோ உள்ள அடைப்பு மிக அதிகமாகக் காணப்பட்ட ஊர் கேப் டவுன்: ஆண்களில் 22.2 விழுக்காடு, பெண்களில் 16.7 விழுக்காடு. அளக்கப்பட்டவர்கள் ரேவன்ஸ்மீட், உய்ட்சிக் ஆகிய உழைக்கும் மக்கள் வாழும் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். அவை தமிழர் பகுதிகள் அல்ல; அந்த எண்களை அப்படியே எடுத்து நம் ஊருக்குப் பொருத்தவும் கூடாது. ஆயினும் புகைப்பழக்கம், காசநோய், புழுதித் தொழில் மூன்றும் ஒரே சமூகத்தில் சேரும்போது என்ன ஆகும் என்பதை அந்த ஆய்வு காட்டியது.

நோய் நுரையீரலுக்குள் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், ஊதும் பரிசோதனை ஏன் அதைப் பிடித்துவிடுகிறது என்பது தானாக விளங்கும். நுரையீரலில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் சுவர்களில் உள்ள நெகிழிழைகளே சிறு மூச்சுக்குழாய்களை எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடித்துத் திறந்து வைத்திருக்கின்றன. புகையும் புழுதியும் பல்லாண்டுகளாகப் படும்போது அந்தச் சுவர்கள் சிதைந்து, குழாய்கள் தம் பிடிமானத்தை இழக்கின்றன. இன்னொரு பக்கம் குழாய்களின் உட்சுவர் வீங்கித் தடித்து, சளியும் சேர்ந்து வழியைக் குறுக்குகிறது. உள்ளிழுக்கும்போது நெஞ்சுக்கூடு விரிவதோடு குழாய்களும் சற்று விரிவதால் காற்று எப்படியோ உள்ளே போய்விடுகிறது. வெளிவிடும்போதுதான், அதுவும் வேகமாக வெளிவிடும்போது, பிடிமானமற்ற குழாய்கள் அமுங்கிக் காற்றை உள்ளேயே சிறைவைக்கின்றன. வாய் குறுகிய குடத்தைக் கவிழ்த்தால் அதிலுள்ள தண்ணீர் எல்லாம் கடைசியில் வந்துவிடும், ஆனால் வெகுநேரம் ஆகும். இந்த நோயாளியின் மூச்சும் அப்படித்தான், கொள்ளளவைவிட வேகமே முதலில் கெடுகிறது. ஆகவே எவ்வளவு காற்று என்று மட்டும் அளந்தால் போதாது; எவ்வளவு நேரத்தில் என்பதையும் சேர்த்து அளந்தாக வேண்டும்.

இந்த எளிய உண்மையை எட்ட மருத்துவ உலகுக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1840களில் ஸ்பைரோமீட்டரை உருவாக்கி, ஈராயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து அளந்து 1846இல் தம் முடிவுகளை வெளியிட்டார். உயரம் கூடக்கூட நுரையீரல் கொள்ளளவு கூடுகிறது என்றும், வயது ஏற ஏறக் குறைகிறது என்றும் கண்டவர் அவரே. ஆனால் அவர் அளந்தது மொத்தக் கொள்ளளவை மட்டுமே. 1947இல்தான் பிரான்சைச் சேர்ந்த திஃப்னோ தம் சக ஆய்வாளர் பினெல்லியுடன் சேர்ந்து, முதல் ஒரு நொடியில் வெளிவரும் காற்றைத் தனியே அளக்கும் முறையைப் பதிவு செய்தார். இன்றுவரை நோயறிதல் அந்த ஒரு நொடியின்மேல்தான் நிற்கிறது. ஆரோக்கியமான நடுவயதினர் ஒருவர் தம் மொத்த மூச்சில் ஏறக்குறைய முக்கால் பங்கையோ அதற்கு மேலோ முதல் நொடிக்குள் வெளியே தள்ளிவிடுவார். அடைப்பு உள்ளவரால் அது முடியாது. பத்தில் ஏழு பங்குக்கும் குறைவாக, நோய் முற்றியவருக்குப் பாதியோ அதற்கும் குறைவோதான் அந்த நொடியில் வரும், மீதி மெல்ல மெல்லக் கசியும்.

பரிசோதனைத் தாளில் எஃப்.இ.வி.1 என்று அச்சாகியிருப்பது முதல் நொடி அளவு, எஃப்.வி.சி. என்று இருப்பது முழுவதுமாக ஊதி முடித்த மொத்த அளவு. முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைக்கும் விகிதமே அடைப்பைச் சொல்லும் எண். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அந்த விகிதம் 0.70க்குக் கீழே நின்றால் அடைப்பு உறுதியாகிறது என்பது, 2001இல் தன் முதல் அறிக்கையை வெளியிட்ட கோல்ட் என்ற பன்னாட்டு மருத்துவர் குழு வகுத்த வரையறை. எல்லையை ஒட்டி, அதாவது 0.60க்கும் 0.80க்கும் இடையில் எண் வந்தால், வேறொரு நாளில் மீண்டும் ஊதிப் பார்த்து உறுதிசெய்யச் சொல்கிறார்கள். இது நல்ல எச்சரிக்கை, ஏனென்றால் ஒருநாள் அளவுக்கும் மறுநாள் அளவுக்கும் சிறு வேறுபாடு எல்லோருக்கும் உண்டு. கோட்டை ஒட்டி நிற்பவரை ஒரே நாள் எண்ணை வைத்து வாழ்நாள் நோயாளி ஆக்கிவிடக் கூடாது.

பரிசோதனை நடக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் இரத்தப் பரிசோதனை போல இதில் நோயாளி சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. முடிவின் தரம் அவர் எப்படி ஊதுகிறார் என்பதையும், பக்கத்தில் நிற்பவர் எப்படி ஊதவைக்கிறார் என்பதையும் பொறுத்தது. முதலில் உயரத்தையும் எடையையும் அளக்கிறார்கள். உயரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளக் கூடாது, காலணியைக் கழற்றி அளக்கவேண்டும், ஏனென்றால் எதிர்பார்க்கும் அளவைக் கணக்கிடுவதில் வயது, பாலினத்தோடு உயரத்துக்கும் பெரிய பங்கு உண்டு. பிறகு நிமிர்ந்து உட்காரச் செய்து மூக்கில் கிளிப் போடுகிறார்கள். பொய்ப்பல் கட்டியிருந்தால், அது ஆடாமல் பொருந்தியிருக்கும் பட்சத்தில், கழற்றத் தேவையில்லை. கழற்றினால் உதடு குழாயை இறுகப் பற்றாமல் காற்று ஓரமாகக் கசியும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தாமதிக்காமல், வெடித்தாற்போல் ஊதத் தொடங்கவேண்டும். அதன்பின் விடாமல், உள்ளே ஒன்றுமே இல்லை என்று தோன்றும்வரை, ஊதிக்கொண்டே இருக்கவேண்டும். பக்கத்தில் நிற்பவர் "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று குரல் உயர்த்திச் சொல்வது கோபத்தால் அல்ல. அந்த ஊக்குவிப்பு இல்லாமல் யாரும் கடைசிவரை ஊதுவதில்லை. கணினித் திரையில் வரையப்படும் கோடு கடைசி ஒரு நொடியில் 25 மில்லிலிட்டருக்கும் குறைவாக நகர்ந்து ஏறக்குறைய மட்டமாகும்வரையோ, பதினைந்து நொடி ஆகும்வரையோ ஊதல் தொடரவேண்டும் என்பது 2019இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட விதி.

பாதியில் நிறுத்தினால் என்ன என்று கேட்கலாம். இந்தப் பரிசோதனையில் நோயை மறைத்துவிடும் பிழை அதுதான். அடைப்பு உள்ளவருக்கு முதல் நொடிக்காற்று குறைவு, ஆனால் கடைசியில் கசிந்துவரும் காற்று நிறைய. அவர் நான்காம் நொடியிலேயே களைத்து நிறுத்திவிட்டால் மொத்த அளவு குறைத்துப் பதிவாகும். வகுக்கும் எண் சிறிதானதால் விகிதம் உயர்ந்து, அடைப்பு இல்லாதவர் போலத் தாள் சொல்லிவிடும். தயங்கித் தொடங்கினால், முதல் நொடிக்குள் இருமினால், நாக்கு குழாயை மறைத்தால், வேறு வகையில் கெடும். அதனால்தான் ஒரு முறை ஊதியது கணக்கில் வராது. குறையற்ற மூன்று ஊதல்கள் வேண்டும், அவற்றில் மிகச் சிறந்த இரண்டின் வேறுபாடு 150 மில்லிலிட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்காக எட்டு முறைவரை ஊதச் சொல்லலாம். கருவியையும் பரிசோதனை நடக்கும் நாள்தோறும் மூன்று லிட்டர் கொள்ளும் பெரிய சிரிஞ்சால் காற்றைச் செலுத்திச் சரிபார்க்கவேண்டும். இவற்றில் எதையும் செய்யாமல் ஒரே ஊதலில் அச்சடித்துக் கொடுக்கப்படும் தாளை, பரிசோதனையே செய்யாததற்குச் சமமாகத்தான் நான் கருதுவேன்.

முதல் சுற்று முடிந்ததும் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை 400 மைக்ரோகிராம் அளவில், பம்பின் முன்னால் ஸ்பேசர் என்ற காற்றுக்கூடு பொருத்தி, நான்கு முறையாகக் கொடுத்து, கால் மணி நேரம் காத்திருந்து மீண்டும் ஊதச் சொல்கிறார்கள். இந்த இரண்டாம் சுற்றைத்தான் பல இடங்களில் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மருந்துக்கு முன்பே விகிதம் நன்றாக இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை. குறைவாக இருந்தால் இரண்டாம் சுற்று இன்றி எந்த முடிவுக்கும் வரக் கூடாது. மருந்துக்குப் பின் விகிதம் முழுவதும் சீராகிவிட்டால் அது சி.ஓ.பி.டி. அல்ல, ஆஸ்துமாவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓரளவு கூடியும் 0.70ஐத் தொடவில்லை என்றால் அடைப்பு நிலைத்துவிட்டது என்று பொருள். மருந்தால் எவ்வளவு கூடுகிறது என்பதை மட்டும் வைத்து இரண்டு நோய்களையும் கோடு போட்டுப் பிரித்துவிடலாம் என்று முன்பு நம்பினார்கள்; அது அவ்வளவு சுலபமில்லை என்பது இப்போது தெரிகிறது. சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் பலருக்கும் மருந்தால் கணிசமாகக் கூடும். பல ஆண்டு கவனிக்காத ஆஸ்துமாவில் கூடாமலே போகலாம். ஆகவே சிறுவயதிலிருந்தே இளைப்பு உண்டா, தும்மல், தோல் அரிப்பு உண்டா, திணறல் நாளுக்கு நாள் மாறுகிறதா, அல்லது ஒரே சீராக ஆண்டுதோறும் முற்றுகிறதா என்ற கேள்விகளின் பதிலோடு சேர்த்தே எண்ணைப் படிக்கவேண்டும்.

0.70 என்ற கோடு எல்லா வயதுக்கும் ஒன்றாக இருப்பதைப் பற்றி மருத்துவர்களிடையே நெடுங்காலமாக விவாதம் உண்டு. வயது ஏற ஏற நெகிழிழைகள் இயல்பாகவே தளர்வதால் விகிதமும் மெல்லக் குறையும். எழுபத்தைந்து வயதில் புகையே அறியாத ஆரோக்கியமான ஒருவருக்கு 0.68 வரலாம், அவரை நோயாளி என்று சொல்வது நியாயமில்லை. மாறாக இருபத்தைந்து வயதுப் புகைப்பாளருக்கு 0.72 வந்தால் அது அவர் வயதுக்குக் குறைவு, ஆனால் கோடு அவரைத் தப்பவிடும். அதனால் அந்தந்த வயதினரில் கீழ்மட்ட ஐந்து விழுக்காட்டினருக்குரிய அளவை எல்லையாகக் கொள்ளவேண்டும் என்பது இன்னொரு தரப்பு. கணினி இரண்டையும் கணக்கிட்டுத் தரும் காலத்தில் இரண்டையும் பார்ப்பதே சரி.

விகிதம் அடைப்பு இருக்கிறதா என்று சொல்கிறது. எவ்வளவு கடுமை என்பதைச் சொல்வது வேறொரு எண். நோயாளியின் முதல் நொடி அளவை, அதே வயதும் உயரமும் பாலினமும் உள்ள ஆரோக்கியமானவரிடம் எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிட்டு விழுக்காடாகக் கூறுகிறார்கள். அது 80 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் முதல் நிலை, 50 முதல் 79 வரை இரண்டாம் நிலை, 30 முதல் 49 வரை மூன்றாம் நிலை, அதற்கும் கீழே நான்காம் நிலை. தென்னாப்பிரிக்காவில் வாழும் நமக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி எழவேண்டும்: எந்த ஆரோக்கியமானவரோடு ஒப்பிடுகிறார்கள்?

ஸ்பைரோமீட்டரின் மென்பொருளில் நோயாளியின் பெயர், வயது, உயரத்துக்குப் பின் இனத்தைக் குறிக்கும் கட்டம் ஒன்று நெடுங்காலமாக இருந்துவருகிறது. வெள்ளையர் அல்லாதவரைத் தேர்ந்தெடுத்தால் எதிர்பார்க்கும் அளவைக் கருவி தானாகவே குறைத்துக்கொள்ளும், பல நேரங்களில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரைகூட. இந்தப் பழக்கத்தின் வேர் அழுக்கானது. 1850களில் அமெரிக்காவில் அடிமை முறைக்கு வாதாடிய சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பின மக்களின் நுரையீரல் பிறவியிலேயே சிறியது என்று இந்தக் கருவியைக் கொண்டே நிறுவ முயன்றார். பிற்காலத்தில் எடுத்த அளவீடுகளிலும் சமூகங்களுக்கு இடையே சராசரி வேறுபாடு காணப்பட்டது உண்மைதான். ஒரே உயரத்தில் இந்திய வம்சாவளியினரின் மொத்த அளவு ஐரோப்பியரைவிடக் குறைவாக இருப்பது பலமுறை பதிவாகியுள்ளது. ஆனால் அந்த வேறுபாட்டில் உடலமைப்புக்கு எவ்வளவு பங்கு, தாயின் வயிற்றிலும் குழந்தைப் பருவத்திலும் கிடைத்த ஊட்டத்துக்கும் சுவாசித்த காற்றுக்கும் எவ்வளவு பங்கு என்பது தீராத விவாதம். வறுமையும் புகையும் சிறிதாக்கிய நுரையீரலை இயல்பானது என்று கருவிக்குள் எழுதிவைத்தால், சேதத்தையே அளவுகோலாக்கியதாகிவிடும்.

இதன் விளைவைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. விளக்கத்துக்காக, அறுபத்திரண்டு வயதான, 168 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். மருந்துக்குப் பின் அவருடைய முதல் நொடி அளவு 1.45 லிட்டர், மொத்த அளவு 2.80 லிட்டர். விகிதம் 0.52, அடைப்பு உறுதி. இந்த விகிதம் அவருடைய மூச்சை அவருடைய மூச்சாலேயே வகுத்து வந்தது என்பதால், இனக்கட்டத்தில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாறாது. ஆனால் எதிர்பார்க்கும் முதல் நொடி அளவு 3.0 லிட்டர் என்று கொண்டால் அவர் 48 விழுக்காட்டில், மூன்றாம் நிலையில் நிற்கிறார். இனத்துக்காகப் பத்து விழுக்காடு குறைத்து 2.7 லிட்டர் என்று கொண்டால் 54 விழுக்காட்டுக்கு உயர்ந்து இரண்டாம் நிலைக்குப் போய்விடுகிறார். ஊதியவர் ஒருவரே, ஊதிய காற்றும் ஒன்றே. தொழில்நோய் இழப்பீடு, வேலைத் தகுதி, அறுவை சிகிச்சைக்கு ஏற்பது, இயலாமை உதவித்தொகை எனப் பலவும் அந்த விழுக்காட்டைப் பார்த்தே முடிவாகக்கூடியவை என்பதால் இது ஏட்டுக்கணக்கு அல்ல. 2012இல் வெளியான உலக அளவுகோலில் தெற்காசியருக்கென்று தனிப் பிரிவே இல்லை. நம்மை 'பிறர்' என்ற கட்டத்தில் போட்டார்கள். 2022இல் இனப் பிரிவற்ற ஒரே அளவுகோல் வெளியானது. அடுத்த ஆண்டே அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் அதைப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது. எல்லாக் கருவியிலும் மென்பொருள் மாறிவிடவில்லை. ஆகவே எந்த அளவுகோல் பயன்படுத்தப்பட்டது என்று தாளின் மூலையில் அச்சாகியிருப்பதைப் பார்ப்பதும், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குவதும் நம் உரிமை என்று நினைக்கிறேன்.

யாரை ஊதவைக்கவேண்டும் என்பதற்கு எளிய விதி உண்டு: நாற்பதைத் தாண்டியவருக்கு மூச்சிரைப்போ, தீராத இருமலோ, சளியோ இருந்து, நுரையீரலைக் கெடுக்கும் ஏதாவதொன்றுக்கு அவர் ஆட்பட்டிருந்தால் பரிசோதிக்கவேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை வரிசையில் நிறுத்தி ஊதவைப்பதால் பயன் இல்லை. சிக்கல் என்னவென்றால் தொந்தரவு இருப்பவரே அதை உணர்வதில்லை. சாட்ஸ்வர்த் முழுக்க மேடும் பள்ளமுமான ஊர். மேடு ஏறும்போதே இரைப்பு தொடங்குவது நோயின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. ஆனால் மனிதர்கள் இரைக்கும் வேலையைத் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். கடைக்குப் பேரனை அனுப்புவார்கள், கோயிலுக்குக் காரில் போவார்கள், வயதாகிவிட்டது என்பார்கள். ஆகவே மூச்சு வாங்குகிறதா என்று கேட்காமல், போன ஆண்டு நடந்துபோன இடத்துக்கு இப்போதும் நடந்துபோகிறீர்களா என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்கவேண்டும்.

நுரையீரலைக் கெடுப்பவற்றில் சிகரெட்டே முதன்மையானது. அதோடு டாகா என்று இங்கே வழங்கும் கஞ்சாவையும், இளையவர்கள் தீங்கற்றது என்று நம்பி இழுக்கும் ஹப்ளி என்ற ஹுக்காவையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். புகைக்காதவர்களுக்கும் இந்த நோய் வரும். 1860இல் தொடங்கி 1911வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அவர்கள் கரும்புத் தோட்டங்களில் மட்டுமின்றி டண்டீ, நியூகாசில் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைத்தார்கள். அறுவடைக்கு முன் கரும்புக் காட்டைக் கொளுத்தும் வழக்கம் கடற்கரையோர ஊர்களில் இன்னும் இருக்கிறது. விறகடுப்பிலும் நிலக்கரி அடுப்பிலும் பாரஃபின் ஸ்டவ்விலும் காலமெல்லாம் சமைத்த பாட்டிமாரின் இருமலை யாரும் தொழில்நோய் என்று கணக்கில் எடுப்பதில்லை, எடுக்கவேண்டும்.

மேர்பேங்கின் கதை தனி. இன ஒதுக்கல் காலத்தில் இந்தியர் குடியிருப்பாக ஒதுக்கப்பட்ட அந்தப் பகுதி, இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் ஒரு காகித ஆலைக்கும் நடுவே அமைந்தது. ஆலைகளில் ஒன்று 2020 டிசம்பரில் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் சுத்திகரிப்பை நிறுத்தியது. மற்றொன்று 2022இல் நின்றது. அதற்கு முன்பே, 2000களின் தொடக்கத்தில், அங்குள்ள செட்லர்ஸ் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, அவர்களிடையே ஆஸ்துமா மிக அதிகம் என்று காட்டியது. குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கும் முதியவர்களின் அடைப்பு நோய்க்கும் என்ன தொடர்பு என்றால், நுரையீரல் இருபது, இருபத்தைந்து வயதுவரை வளர்கிறது. அதன்பின் முதல் நொடி அளவு ஆண்டுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 மில்லிலிட்டர் குறைவது எல்லோருக்கும் இயல்பு. வளரும் பருவத்திலேயே உச்சத்தை எட்டாத நுரையீரல், இயல்பான வேகத்தில் குறைந்தாலும்கூட, ஐம்பது வயதில் ஆபத்தான கோட்டைத் தொட்டுவிடும். சி.ஓ.பி.டி. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்த வழியில் வந்தவர்கள் என்று 2015இல் வெளியான ஒரு முக்கிய ஆய்வு சொன்னது. அந்தப் பள்ளியில் அன்று படித்த குழந்தைகள் இப்போது முப்பதைக் கடந்திருப்பார்கள்.

காசநோயைப் பற்றி இந்த நாட்டில் இருமுறை பேசவேண்டும். முதலாவது, ஊதுவதற்கு முன். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல், இரவு வியர்வை, உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியவை இருந்தால் முதலில் சளியை, காசநோய்க் கிருமியைக் கண்டறியும் எக்ஸ்பெர்ட் என்ற பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். நோய் இல்லை என்று உறுதியான பிறகே ஊதவைக்கவேண்டும், ஏனெனில் பலமாக ஊதும்போது கிருமி காற்றில் பரவி அறையில் இருப்பவர்களைத் தாக்கும். ஒவ்வொருவருக்கும் புதிய வடிகட்டியும் திறந்த சன்னலும் இந்த நாட்டில் கட்டாயம். இரண்டாவது, காசநோய் குணமான பிறகு. மாத்திரை முழுவதும் முடித்து, கிருமி ஒழிந்து, குணமடைந்தார் என்று அட்டையில் எழுதப்பட்டவரின் நுரையீரலிலும் தழும்பு நின்றுவிடுகிறது. அது குழாய்களைக் குறுக்கி அடைப்பாகவும் காணலாம், நுரையீரலைச் சுருக்கிக் கொள்ளளவைக் குறைக்கவும் செய்யலாம். பின்னதில் முதல் நொடி அளவும் மொத்த அளவும் சேர்ந்தே குறைவதால் விகிதம் நன்றாகவே இருக்கும், ஆனால் மனிதருக்கு மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவரை 'அடைப்பு இல்லை' என்று அனுப்பிவிடாமல், மொத்தக் கொள்ளளவையும், காற்றிலிருந்து வாயு இரத்தத்துக்குள் போகும் திறனையும் அளக்கும் மேற்பரிசோதனைகளுக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், கண்ணிலோ வயிற்றிலோ அறுவை செய்துகொண்டவர் ஊதுவதைத் தள்ளிப்போடவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; கண்புரை அறுவை செய்துகொண்ட பெரியவர்கள் இதை மருத்துவரிடம் தாமாகவே சொல்லவேண்டும்.

இனி நடைமுறைச் சிக்கல். குடியிருப்புக் கிளினிக்குகளில் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறிய குழாய்தான் பெரும்பாலும் இருக்கிறது. அது ஊதலின் உச்ச வேகத்தை மட்டும் காட்டும். ஆஸ்துமா உள்ளவர் காலையும் மாலையும் தம்மைக் கண்காணித்துக்கொள்ள அது அருமையான கருவி; ஆனால் அடைப்பையும் சுருக்கத்தையும் அதனால் பிரிக்க முடியாது, ஆரம்பநிலை சி.ஓ.பி.டி.யில் அது காட்டும் எண் நன்றாகவே இருந்துவிடவும் கூடும். அதில் ஊதியதைப் பலர் நுரையீரல் பரிசோதனை முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். முறையான ஸ்பைரோமெட்ரிக்கு மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும், காத்திருக்கவேண்டும், அல்லது தனியாரிடம் காசு கொடுக்கவேண்டும். கருவி வாங்குவது பெரிய செலவில்லை. அதைச் சரியாக இயக்கவும், ஒருவரை அரைமணி நேரம் பொறுமையாக ஊதவைக்கவும் பயிற்சி பெற்ற செவிலியர் கிடைப்பதே கடினம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நம் அமைப்புகள் இலவச முகாம் நடத்துவதுபோல இதற்கு நடத்துவது எளிதல்ல, ஆனால் பயிற்சிக்கு ஒரு செவிலியரின் செலவை ஏற்பது நம் சங்கங்களால் ஆகாத காரியமும் அல்ல.

பெயர் சரியாக வைப்பதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், சிகிச்சை பிரிந்துபோகிறது. ஆஸ்துமாவில் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுதான் அடிப்படை. அதை நிறுத்தி நீலப் பம்பை மட்டும் நம்பினால் உயிருக்கே ஆபத்து. சி.ஓ.பி.டி.யில் நீண்ட நேரம் வேலை செய்யும் குழாய் விரிப்பு மருந்துதான் அடிப்படை. இரத்தத்தில் இயோசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் கூடுதலாக இருப்பவர்களுக்கும், அடிக்கடி முற்றி மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கும் மட்டுமே ஸ்டீராய்டு பயன்தரும், மற்றவர்களுக்கு அது நிமோனியா வரும் வாய்ப்பைக் கூட்டும். காசநோய் மலிந்த நாட்டில் தேவையற்ற ஸ்டீராய்டு இன்னும் கவலைக்குரியது. இதய பலவீனமாக இருந்தாலோ இரண்டு பம்பும் வீண், காலமும் வீண். சி.ஓ.பி.டி. உறுதியானவருக்குப் புகையை நிறுத்துவதற்கு ஈடான மருந்து ஒன்றும் இல்லை. இழந்தது திரும்பாது, ஆனால் அதன்பின் குறையும் வேகம் புகைக்காதவரின் வேகத்தை நெருங்கிவிடும் என்று பிளெட்சரும் பீட்டோவும் 1977இலேயே எழுதினார்கள். அறுபது வயதில் நிறுத்தினாலும் அது உண்மை.

ஊதி முடித்தவர் கையில் வரைபடத்தோடு கூடிய தாளின் நகல் இருக்கவேண்டும். அதில் மருந்துக்கு முன்னும் பின்னும் என இரண்டு வரிசை எண்கள் இருக்கின்றனவா, மூன்று ஊதல்கள் பதிவாகியுள்ளனவா, அளக்கப்பட்ட உயரம் சரியா, எந்த அளவுகோல் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் குடும்பத்தில் ஒருவர் பார்க்கலாம். இதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் ஊதும்போது, விழுக்காட்டைவிட லிட்டர் கணக்கில் முதல் நொடி அளவு எவ்வளவு மாறியிருக்கிறது என்பதே முக்கியம். கிளினிக் மாறினாலும், மருத்துவர் மாறினாலும், மென்பொருள் மாறி விழுக்காடு ஏறியிறங்கினாலும், போன ஆண்டு 1.45, இந்த ஆண்டு 1.40 என்ற கணக்கை யாராலும் குழப்ப முடியாது. அந்தப் பழைய தாளை எக்ஸ்ரே உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு முறை போகும்போதும் கையோடு கொண்டுபோகவேண்டும்.